கட்டிய மரமும் குடைந்த மரமும்

நுழையும்முன்

நீரைக் கடக்க மனிதன் முதலில் நம்பியது மிதக்கும் மரத்தை. அந்த மரத்தை நினைத்த திசையில் செலுத்த அவனுக்குக் கிடைத்த முதற்கருவிகளுள் ஒன்று துடுப்பு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல்சேரும் தாமிரபரணியிலும், அதன் கழிமுகத்துக்கு இருபுறமும் நீளும் கடற்கரையிலும் ஓடமும் வள்ளமும் கட்டுமரமும் எவ்வாறு உருவாயின, ஒரே கரையில் அவை ஏன் வேறுபட்டன, அவற்றோடு வளர்ந்த சொற்கள் இன்று என்ன நிலையில் உள்ளன என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆற்றைக் கடந்த ஓடம்

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே பேருந்து இன்று சில நொடிகளில் கடந்துவிடும் ஆறு, 1843ஆம் ஆண்டுக்கு முன்பு ஓடக்காரரின் கையில் இருந்தது. வெள்ளம் பெருகினால் ஓடம் நிற்கும்; ஓடம் நின்றால் சந்தையும் வழக்கும் திருமணமும் அக்கரையிலேயே காத்திருக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்துக் கொக்கிரகுளம் அருகே பாலம் எழக் காரணமானார். அவர் பெயரால் வழங்கும் அந்தப் பாலத்தை நெல்லை மக்கள் நன்கறிவர். ஆனால், அந்தப் பாலத்தால் தொழில் இழந்த ஓடக்காரர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. பாலம் நன்மையே செய்தது. எனினும், தலைமுறை தலைமுறையாக ஆற்றின் சுழிகளை அறிந்திருந்த ஓர் அறிவு அன்றோடு அந்தத் துறையில் தேவையற்றதாயிற்று.

தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமே உடையது. பாபநாசத்துக்கு மேலே அருவியும் பாறையுமாக இறங்குகிறது. சமவெளியில் எட்டு அணைக்கட்டுகள் அதன் குறுக்கே நிற்கின்றன. ஆகவே, கங்கையைப் போல நெடுந்தொலைவு படகில் பயணம் செய்வதற்குரிய ஆறாக அது இருந்ததில்லை. இங்கே ஓடம் ஆற்றின் போக்கில் ஓடவில்லை, ஆற்றுக்குக் குறுக்கே ஓடியது. நீர் ஆழமற்ற இடங்களில் ஓடக்காரர் நீண்ட கழியொன்றை ஆற்றின் அடியில் ஊன்றி ஓடத்தைத் தள்ளுவார். அதனை ஓடக்கோல் என்பர்.

கோலுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு ஆற்றின் அடி வேண்டும். அடி எட்டாத ஆழத்தில் கோல் பயனற்றுப் போகிறது. துடுப்புக்கோ நீர் மட்டும் போதும். கோலிலிருந்து துடுப்புக்கு வந்தது மனிதன் ஆழத்தின் அச்சத்தை விட்டு நகர்ந்த பெரிய அடி என்று கூறலாம்.

நீரே பிடிமானம்

துடுப்பு என்னும் சொல் படகுக்கு மட்டும் உரியதன்று. கொதிக்கும் உலையில் சோற்றைக் கிளறும் அகப்பைக்கும் அதுவே பெயர். இரண்டும் செய்யும் வேலை துழாவுதல்தான். நெல்லை, குமரிக் கடற்கரையின் மீனவர் பேச்சில் துடுப்பைத் துளவை, தொளவை என்று வழங்குவர்; இச்சொல்லிலும் துழாவுதல் என்னும் வினையின் சாயலைக் காணலாம். அடுக்களையும் கடலும் ஒரு சொல்லைப் பகிர்ந்துகொள்வது தமிழில் வியப்பன்று.

துடுப்பையும் தண்டையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது. தண்டு படகின் விளிம்பில் கட்டப்பட்டிருக்கும். தண்டு வலிப்பவர் பெரும்பாலும் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்து, உடல் முழுவதையும் பின்னோக்கிச் சாய்த்து இழுப்பார். துடுப்பு எதனோடும் பிணைக்கப்படாதது. அது கைகளுக்கு மட்டும் கட்டுப்பட்டது. துடுப்புப் போடுபவர் முன்னோக்கி அமர்வதால் எதிரில் எழும் அலையை அவரால் காண முடிகிறது. அலையெறியும் கரையில் இந்த வேறுபாடு உயிரைக் காப்பதாகும்.

துடுப்பின் இயக்கத்தைச் சற்று நின்று நோக்குவோம். ஒரு கை துடுப்பின் உச்சியையும் மறுகை அலகுக்குச் சற்று மேலுள்ள காம்பையும் பற்றுகின்றன. கீழ்க்கை இழுக்க, மேற்கை தள்ளுகிறது. துடுப்பு நீரைப் பின்னே தள்ளுகிறது. நீர் துடுப்பை முன்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால், பழகிய கைகள் இதனை வேறுவிதமாக உணரும். நன்றாக ஊன்றிய துடுப்பின் அலகு நீரில் அதிகம் நகர்வதில்லை; தூணைப் பற்றி இழுப்பதுபோலப் படகே அதை நோக்கி நகர்ந்து வருகிறது. நீரைக் கலக்காமல், ஓசை எழுப்பாமல், ஆழமாக ஊன்றுபவர் நெடுநேரம் களைப்பின்றிச் செல்வார். நீரை அறைந்து தெறிக்கவிடுபவர் விரைவில் சோர்ந்துபோவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வலப்புறம் மட்டும் துடுப்புப் போட்டால் படகின் முன்முனையாகிய அணியம் இடப்புறம் திரும்பும். தனியொருவர் நேராகச் செல்ல வேண்டுமாயின், ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் அலகைச் சற்றே வெளிப்புறம் திருப்பித் திசையைச் சரிசெய்ய வேண்டும். அல்லது இருபுறமும் மாறி மாறிப் போட வேண்டும். கட்டுமரத்தில் செல்வோர் இரண்டாவது வழியைக் கைக்கொண்டனர். நெடுக்காகப் பிளந்த மூங்கிலே அவர்களின் துடுப்பு. அதன் நடுவைப் பற்றிக்கொண்டு, ஒரு முனையை வலப்புறமும் மறுமுனையை இடப்புறமும் மாற்றி மாற்றி ஊன்றினர். மூங்கிலின் உட்குழிவு நீரைத் தாங்கிப் பிடிக்கும். அதன் எடையோ மிகக் குறைவு. உடைந்தால் கரையில் வேறொன்றைப் பிளந்துகொள்ளலாம். தச்சரின் உதவியும் தேவையில்லை. இத்தனை எளிய கருவியில் இத்தனை சிந்தனை அடங்கியிருப்பதை உணர அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே மாவட்டம், இரண்டு கடல்கள்

இன்றைய தூத்துக்குடி மாவட்டம் 1986ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அந்தப் பழைய நெல்லைக் கடற்கரையை வடக்கிலிருந்து தெற்காக நடந்து சென்றால் கடலின் குணம் மாறுவதைக் காணலாம். தூத்துக்குடிக்கு அருகே தொடங்கி இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் சிறு தீவுகளும் பவளப்பாறைகளும் வரிசையாக நின்று அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. அங்கே கடல் ஏரியைப் போல அமைதி கொள்ளும் நாள்கள் பல. திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு, பெரியதாழை, உவரி, இடிந்தகரை என்று செல்லச்செல்ல அந்தத் தடுப்பு இல்லை. அலை நேரே வந்து மணலில் விழுகிறது.

அமைதியான நீரில் வள்ளம் வளர்ந்தது; அலைபுரளும் கரையில் கட்டுமரம் வளர்ந்தது. மீனவரின் விருப்பத்தைவிட நீரின் இயல்பே இந்தத் தேர்வைச் செய்தது. சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறையில் பணியாற்றியவரும், முத்து, சங்குக் குளிப்புகளை ஆராய்ந்தவருமான ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920இல் ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டார். கரைதோறும் படகு மாறுபடுவதைக் கூர்ந்து நோக்கிப் பதிவு செய்தவருள் அவர் குறிப்பிடத்தக்கவர்.

வள்ளம் தொடக்கத்தில் ஒரே மரத்தைக் குடைந்து செய்யப்பட்டது. கேரளக் கரையின் அயினி, மா ஆகிய மரங்களில் குடைந்த வள்ளங்கள் தென்தமிழகக் கரைக்கும் வந்தன. வாச்சியால் செதுக்கிச் செதுக்கி உட்புறத்தை எடுக்கும்போது தச்சர் ஓயாமல் மரத்தின் கனத்தைக் கணக்கிட வேண்டும். கனம் மிகுந்தால் வள்ளம் பாரமாகும். குறைந்தால் வெயிலில் வெடிக்கும். விளிம்பின் மேல் பலகைகளைச் சேர்த்து உயர்த்தினால் மேலும் சிலர் ஏறலாம், பாயும் கட்டலாம். தூத்துக்குடியின் சங்கு குளிப்போர் இத்தகைய வள்ளங்களிலேயே சென்றனர்.

வள்ளத்துக்கு இங்கே வேறொரு தேவையும் இருந்தது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் கழிமுகத்தை இடைவிடாது தூர்த்து வந்தது. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. கடல் விலக விலக, துறைமுகம் காயலுக்கும், பின்னர்ப் புன்னைக்காயலுக்கும், அதன்பின் தூத்துக்குடிக்கும் இடம்பெயர்ந்தது. கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்து இந்த மாற்றத்தை எழுதியுள்ளார். தூத்துக்குடியிலும் கடல் ஆழமற்றதே. புதிய துறைமுகம் 1974இல் செயல்படத் தொடங்கும் வரை பெருங்கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கையும் மக்களையும் தோணிகளே கொண்டுசேர்த்தன. வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் வரலாற்றைப் படிக்கும்போது கப்பல் மட்டுமே நம் கண்ணில் படுகிறது. அந்தக் கப்பலுக்கும் கரைக்கும் இடையே இருந்த ஆழமற்ற நீரையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

மூழ்காத மரம்

கட்டுமரத்தைப் படகு என்று கூறுவது முற்றும் பொருந்தாது. படகு நீரை வெளியே நிறுத்துவது. கட்டுமரம் நீரைத் தடுப்பதே இல்லை. அலை மேலே ஏறும். மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். உள்ளே நீர் தேங்க இடமில்லாததால் அது மூழ்குவதில்லை. கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

மலைவேம்பு, இலவு போன்ற எடை குறைந்த மரங்களை இதற்குத் தேர்ந்தெடுத்தனர். வலிமையான தேக்கு இங்கே உதவாது. மரங்களைச் செதுக்கி, முன்பக்கம் மேல்நோக்கி வளையுமாறு அமைத்து, நடுமரம் தாழவும் ஓரமரங்கள் உயரவும் வைத்து, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டைகளோடு கயிற்றால் இறுகக் கட்டினர். ஆணி கிடையாது. இது வறுமையால் நேர்ந்ததன்று. ஆணியடித்த பலகை அலையின் அடியை விறைத்து நின்று வாங்கும், ஒருநாள் பிளக்கும். கயிற்றால் கட்டிய மரம் அலையோடு சற்றே நெகிழ்ந்து கொடுத்து மீண்டும் தன் நிலைக்கு வரும். சோழமண்டலக் கரையில் வழங்கிய மசூலாப் படகுகளின் பலகைகளையும் இதே காரணத்தால் கயிற்றால் தைத்தார்கள்.

கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயவைப்பதும் வழக்கமாக இருந்தது. நீர் ஊறிய மரம் கனக்கும். கனத்த மரம் தாழும். மறுநாள் விடியுமுன் மீண்டும் கட்டுவர். நாள்தோறும் கலைந்து நாள்தோறும் பிறக்கும் கலம் இது.

தமிழின் இச்சொல் உலகைச் சுற்றி வந்திருக்கிறது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிட்டார். பின்னர் இச்சொல்லின் பொருள் மாறியது. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரெஷாஃப் 1876இல் நியூயார்க் படகுப் போட்டியில் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகைச் செலுத்தினார். இவ்வகைப் படகுகளுக்குக் ‘கேட்டமரான்’ என்னும் பெயர் நிலைத்தது. எனவே, இன்று உலகம் கேட்டமரான் என்று அழைக்கும் படகுக்கும் உவரியின் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. ‘கட்டுமரமே இன்றைய விரைவுக் கப்பல்களுக்கு முன்னோடி’ என்று பெருமையோடு எழுதப்படும் தொடர்களைப் படிக்கும்போது இதனை நினைவில் கொள்க. கட்டுமரத்தின் உண்மையான பெருமைக்கு அந்த மிகைக்கூற்று தேவையில்லை.

பட்டையால் ஆன தோணி

கடல்கடந்து, குளிர்ந்த நாடொன்றில் இதே கேள்விக்குக் கிடைத்த விடையையும் காண்போம். கனடாவின் வடபகுதியில், ஹட்சன் விரிகுடாவையும் ஜேம்ஸ் விரிகுடாவையும் சூழ்ந்த காடுகளில் வாழும் பழங்குடியினர் கிரீ மக்கள். அங்கே நூற்றுக்கணக்கான ஏரிகளும் ஆறுகளும் உள்ளன. ஆனால், அவை தொடர்ச்சியாக ஓடுவதில்லை. ஓர் ஏரி முடிந்து மறு ஏரி தொடங்கும்வரை, அல்லது ஆறு பாறையில் விழுந்து கொந்தளிக்கும் இடத்தைத் தாண்டும்வரை, தோணியைத் தோளில் சுமந்து நடக்க வேண்டும். ஆகவே, அவர்களின் தோணிக்கு முதல் இலக்கணம் எடைக் குறைவு.

அவர்கள் பூர்ச்ச மரத்தின் பட்டையை அகலமாக உரித்தெடுத்தனர். அதனைத் தரையில் விரித்து, ஓரங்களை நிமிர்த்தி, ஊசியிலை மரத்தின் மெல்லிய வேர்களால் தைத்தனர். அதன் பின்னரே வளைத்த மரச்சட்டங்களை உள்ளே செருகிப் பட்டையை விறைக்கச் செய்தனர். தையலிடங்களை மரப்பிசினால் அடைத்தனர். இதிலும் ஆணி இல்லை. துடுப்பையோ, தம்மை நோக்கி இழுத்துச் செதுக்கும் வளைகத்தியால் ஒரே மரத்துண்டிலிருந்து உருவாக்கினர்.

நம் காவிரியின் ஒகேனக்கல் பரிசலை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் தோல்போர்த்த கலங்களே. ஆனால், பரிசலில் மூங்கில் கூடையை முதலில் முடைந்து, பிறகு அதன்மேல் தோலைப் போர்த்துவர். கிரீ மக்களின் தோணியில் தோல் முதலில், எலும்பு பிறகு. பரிசல் வட்டமானது, சுழலும் நீரில் எப்பக்கம் திரும்பினாலும் அதற்கு முகம்தான். கிரீத் தோணி நீண்டு கூர்ந்தது, தொலைவு கடப்பது. ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியில் பாறைகளுக்கிடையே விரைந்து திரும்புவதற்காக, இருமுனையும் மேல்நோக்கி மிகவும் வளைந்த தோணியையும் செய்தனர். கட்டுமரத்தைக் கட்டிய உவரி மீனவரும் பட்டைத்தோணியைத் தைத்த கிரீத் தச்சரும் ஒருவரையொருவர் அறியார். எனினும், அருகில் விளையும் மரம், எதிர்ப்படும் நீர், தாங்கக்கூடிய எடை ஆகிய மூன்றையும் வைத்தே இருவரும் கணக்குப் போட்டனர்.

இயந்திரம் வந்தபின்

1980களில் ஒட்டுப்பலகைப் படகுகளும், அவற்றை அடுத்துக் கண்ணாடியிழைப் படகுகளும், வெளியே பொருத்தும் இயந்திரங்களும் தென்கரையில் பரவின. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின் நிவாரணமாக வழங்கப்பட்டவற்றுள்ளும் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. மரக் கட்டுமரம் வேகமாகக் குறைந்தது. தகுந்த பெருமரங்கள் கிடைப்பதும் அரிதாயிற்று.

இதற்காக மீனவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. எதிர்க்காற்றில் பல மணிநேரம் துளவை போட்டு வந்த தோள்களின் வலியைக் கரையில் இருப்போர் அறியார். இயந்திரம் அந்த வலியைக் குறைத்தது. தொலைவிலுள்ள மீனையும் எட்டச் செய்தது. அதே வேளையில் எரிபொருளுக்கு அன்றாடம் பணம் வேண்டும் என்னும் புதிய சுமையையும் ஏற்றியது. துளவைக்குக் கடன் வாங்கியவர் எவரும் இல்லை.

இழப்பு வேறோர் இடத்தில் நேர்கிறது. துடுப்பால் செல்பவர் காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்துச் செல்ல இயலாது. அவற்றோடு ஒத்துச் செல்ல வேண்டும். ஆதலால், அவற்றுக்குத் துல்லியமான பெயர்கள் தேவைப்பட்டன. வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். நீரோட்டத்துக்குப் பெயர் நீவாடு. வடக்கிலிருந்து வருவது வாநீவாடு, தெற்கிலிருந்து வருவது சோநீவாடு. கரையிலுள்ள தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னே தெரியும் மலைமுகட்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி, வேறு திசையில் இன்னொரு கோட்டையும் எடுத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் கடலடிப் பாறையைக் கண்டறிந்தனர். குமரிக் கரையில் இதனைக் கணிச்சம் என்பர். கணிதத்தில் நீங்கள் இரு நேர்கோடுகள் வெட்டும் புள்ளியைக் காண்பதும் இதுவே.

சங்க நூல்களில் வரும் அம்பி, திமில், பஃறி, புணை, வங்கம், நாவாய் ஆகிய சொற்களை நாம் மனனம் செய்கிறோம். இவற்றுள் திமில் எப்படி இருந்தது, எந்த மரத்தால் ஆனது, எவ்வாறு கட்டினார்கள் என்று இன்று எவராலும் செய்துகாட்ட இயலாது. பொருள் மறைந்தபின் சொல் மட்டும் அகராதியில் எஞ்சியது. அணியம், நீவாடு, துளவை ஆகிய சொற்களுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. அவற்றைக் கையால் செய்துகாட்டக்கூடிய முதியோர் பெரியதாழையிலும் உவரியிலும் புன்னைக்காயலிலும் இன்றும் கரையில் அமர்ந்து வலை பின்னுகிறார்கள்.

கட்டுமரத்தின் வடிவமும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தமிழகக் கடற்கரையின் சில ஊர்களில் தெர்மாக்கோலை உள்ளே வைத்து, கண்ணாடியிழை போர்த்தி, அதே தாழ்ந்த நடுவும் உயர்ந்த முன்முனையுமாகச் சிறு மிதவைகளைச் செய்துகொள்கின்றனர். அவற்றில் மரமும் இல்லை, கட்டும் இல்லை. செல்பவர் இன்றும் மண்டியிட்டுத் துடுப்புப் போடுகிறார். கேட்டால் கட்டுமரம் என்றே சொல்கிறார்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலோ உறவினர் ஊரிலோ ஆறு, குளம், கடல் ஆகியவற்றில் கலம் செலுத்திய முதியவர் ஒருவரைச் சந்தித்து, கலத்தின் உறுப்புகளுக்கு அவர் வழங்கும் பெயர்களை அவர் பலுக்குமாறே எழுதி வருக. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அந்த உறுப்பின் படத்தை வரைக.

பிளந்த மூங்கில், தட்டையான பலகை ஆகிய இரண்டையும் நீர்த்தொட்டியில் ஒரே விசையோடு இழுத்துப் பார்த்து, எது நீரை நன்கு பற்றுகிறது என்பதையும் அதற்கான காரணத்தையும் வகுப்பில் கலந்துரையாடுக.